கதவில் சாய்ந்து தூங்குகிறவர்

கில்தார்தோ கதவில் சாய்ந்து தூங்குகிறவர். வாரத்தில் மூன்று நாள் மனிசாலேஸ் நகர ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்து சொந்த ஊரான நெய்ராவுக்குத் திரும்பும்போது, மலைப்பாதை முழுக்க அப்படித்தான் வருவார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவந்து சந்தேகத்தில் வைத்துப் பார்த்த காந்தப் பொம்மை காரின் வலப்பக்கத் தூணில் ஒட்டாமல் பொத்தென்று விழுந்ததும், அவர் மனைவி லுஸ் தாரி பயந்துபோனாள். அந்த நாட்டில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம்; கில்தார்தோ சாய்கிற முன்கதவின் கொக்கி மாட்டுவது அந்தத் தூணில்தான், சீட் பெல்ட் தொங்குவதும் அதில்தான். நாலு விரல் மேலே வைத்துப் பார்த்தாள். விழுந்தது. கீழே வைத்தாள். அங்கேயும் விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பட்டி, பெயின்ட்டுக்கு அடியில் பூசி மெழுகும் மாவு.

வாழைக்காய் லாரி இடித்து, இன்சூரன்ஸ்காரர்களே பட்டறை காட்டி, ஆறு வாரத்துக்கு முன் பளபளவென்று திருப்பித் தந்த கார். 'வேலை திருப்தி' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி கொடுப்பார்கள். பாலிஷ் மினுக்கில் மயங்கி இவளும் போட்டுத் தொலைத்தாள். வளைவுகளில் காற்று புகுந்து கதவு விசிலடித்தபோதெல்லாம் கதவோர ரப்பர் புதுசு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள், புத்தி கெட்டவள்.

அன்று கில்தார்தோவைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். டயாலிசிஸ் முடிந்த கையோடு வண்டியை நேரே பட்டறைக்கு விட்டாள்.

"ரப்பர் செட்டாக நாளாகும் தாயி" என்றார் டிங்கர் மாஸ்டர் எவெலியோ, தின்னரில் கை கழுவிக்கொண்டே.

"காந்தம் ஒட்டலையே மாஸ்டர்?"

"காந்தமா? நீங்க என்ன மந்திரவாதியா? திருப்தின்னு கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். முன்னாடி உக்காருங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். ஏறினார். கில்தார்தோ பின்சீட்டிலேயே இருந்தார்.

ஊரைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் வளைந்தது. கதவு விசிலடித்தது. எவெலியோ கதவை விட்டு ஒதுங்கி, அவள் தோளில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். இரண்டு கையும் சீட்டைக் கவ்வியிருந்தன. இவருக்கு எல்லாம் தெரியும் என்று லுஸ் தாரிக்குப் புரிந்துபோனது.

"கதவுல சாஞ்சு உக்காருங்க மாஸ்டர்."

"பரவால்லம்மா."

"என் வீட்டுக்காரர் அப்படித்தான் தூங்கிட்டு வருவாரு. நல்லா சாஞ்சுக்கங்க."

அடுத்த வளைவு. வலப்பக்கம் பள்ளத்தில் காப்பிச் செடிகள் பச்சையாகச் சரிந்து கிடந்தன. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்தும்மா! கும்புடறேன், நிறுத்து!"

ஓரம் கட்டினாள். அவர் சட்டை நனைந்திருந்தது.

"தூண வெட்டிட்டுப் புதுசு வைக்கணும்னுதான் எழுதிக் குடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கல. தட்டி நிமித்துன்னுட்டாங்க. தட்டத் தட்டக் கிழிஞ்சுது. நாலு இடத்துல வெல்டிங் பத்தவச்சு பட்டி போட்டு மூடிட்டேன். லேசா இடிச்சாக்கூட கதவு கையோட வந்துரும்."

"இத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்." இறங்கிப் போய், பின்சீட்டின் நடுவில், கில்தார்தோவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

லுஸ் தாரி சாவியைத் திருப்பவில்லை. காலியான சீட்டைப் பார்த்து அழுதாள்.

"பதினெட்டு தடவைங்க. பதினெட்டு தடவை அதுல சாஞ்சு தூங்கியிருக்கீங்க. நான் பாட்டுக்கு ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"தூங்கல தாரி" என்றார் கில்தார்தோ பின்னாலிருந்து.

அவள் திரும்பினாள்.

"மொத வாரமே கதவு ஆடறது தெரிஞ்சுபோச்சு. கண்ண மூடிக்கிட்டு, கதவ உள்பக்கமா இழுத்துப் புடிச்சிட்டேதான் வந்தேன். சொன்னா நீ வண்டிய மறுபடி பட்டறையில விட்டுருவ. அப்புறம் நான் எதுல வர்றது?"

அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. எதில் போவது என்று லுஸ் தாரிக்கும் தெரியவில்லை.