கதவில் சாய்த்த துடைப்பம்

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டில் இருந்தவர்கள்: யோர்டிஸ், வயது எழுபத்தாறு, சமையலறைச் சோபாவில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஏவெர்ட், எழுபத்தொன்பது, அடுப்போரம் ஆடும் நாற்காலியில். அப்புறம், கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டிருந்த வானொலி. வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் தெற்கே போய் முப்பது வருடமாகிறது.

குளிர்தான் அவளை எழுப்பியது. அடுப்பில் வெறும் தணல். வெளியே மைனஸ் இருபத்தாறு. அடுப்பை இப்படி அணைய விடுகிற ஆளில்லை ஏவெர்ட். நாற்காலி காலியாக இருந்தது.

"ஏவெர்ட்?"

மலைப்பக்கம் காற்று பலமாக இருக்கும் என்றது வானொலி.

கொக்கியில் அவன் தொப்பி இல்லை. பூட்ஸும் இல்லை. ஆனால் கடப்பாறை சுவரிலேயே சாய்ந்திருந்தது. ஏரி உறைந்த பிறகு ஐஸைக் குத்திப் பார்த்துப் பார்த்து நடப்பதற்கான கடப்பாறை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அது கையில் இல்லாமல் அவன் ஏரியில் இறங்கியதில்லை. இறங்குகிறவனைப் பார்த்தால், "இவன் வீட்டுல அடுத்த வருஷம் ஒரு தட்டு மிச்சம்" என்பான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விறகுக் கொட்டகை முன்னால் சறுக்குவண்டி இல்லை. அவன் அக்டோபரிலேயே வெட்டிக் கட்டி வைத்திருந்த ஊசியிலை மரக்கன்றுகளும் இல்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஏரியின் மேல் அக்கரைக்குப் பாதை குறிக்க வேண்டும். இருபது தப்படிக்கு ஒரு கன்று. பனிப்புயலில் சிக்கியவன் கன்றைத் தொட்டுத் தொட்டு வீடு வந்து சேர்வான். நாற்பத்தோரு வருடம் அது ஏவெர்ட்டின் வேலை. இந்த வருடம் ஊர்க்காரர்கள் அதைப் பக்கத்துப் பண்ணை தாகேயிடம் கொடுத்துவிட்டார்கள். நவம்பரில் ஒரு நாள் ஏவெர்ட் தபால்பெட்டி வரை போனவன், திரும்பி எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் ரோட்டில் நின்றான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஊருக்குத் தெரிந்திருந்தது.

கதவைத் தள்ளினாள். வெளியே என்னவோ சரிந்து படியில் விழுந்தது.

துடைப்பம்.

அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வெளியே போகும்போது கதவில் துடைப்பத்தைச் சாய்த்து வைப்பார்கள். உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். வருகிறவன் பார்ப்பான், தட்டாமல் திரும்பிவிடுவான்.

அவள் உள்ளே இருக்கும்போதே அவன் துடைப்பம் சாய்த்திருக்கிறான். ஊர் வழக்கம் அவனுக்கு மறக்கவில்லை. அவளைத்தான் மறந்திருந்தான்.

தாகேக்குப் போன் போட்டாள்.

"யோர்டிஸா? எங்கேருந்து பேசுற?"

"வீட்டுலேருந்துதான்."

"வெளையாடாத. பன்னண்டரைக்கு வந்தேனே, தொடப்பம் சாஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் டாக்டர்ட்ட போயிருப்பீங்கன்னு திரும்பிட்டேன்."

"நான் உள்ளதான் தூங்கிட்டிருந்தேன். எதுக்கு வந்த?"

"நேத்துலேருந்து அணையில தண்ணி தெறந்து விடுறாங்க. ஏரி குறுகுற எடத்துல ஐஸுக்கு அடியில ஓட்டம் அறுக்குது. கெழவன்கிட்ட சொல்லி வைப்போம்னுதான் வந்தேன். இருக்கானா?"

"கன்னெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான் தாகே."

"கயிறோட வரேன், இருபது நிமிஷம். நீ ஐஸ்ல எறங்காத. கேக்குதா? எறங்காத."

அவள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மணி ஒன்றரைதான். அதற்குள் வெளிச்சம் நீலம் பாரித்துவிட்டது. கரையிலிருந்து கன்றுகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் போயின. இவ்வளவு நேர்த்தியாக தாகே ஏழு ஜென்மம் எடுத்தாலும் நடமாட்டான். ஒரே தப்பு, அந்த வரிசை அக்கரைக்குப் போகவில்லை. இடது பக்கம், குறுகலை நோக்கிப் போனது. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த பாதை அது. ஏவெர்ட் சிறுவனாக இருந்தபோது அவன் அப்பா குறித்த பாதை.

குத்தினாள், நடந்தாள். குத்தினாள், நடந்தாள். ஒன்பதாவது கன்று வரை கடப்பாறை கெட்டியாக எதிர்த்தது. பத்தாவதில் இரண்டாம் குத்துக்கே உள்ளே போய்விட்டது. ஓட்டையில் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது.

ஏவெர்ட் இன்னும் அறுபது தப்படி தள்ளி நின்றான். பதின்மூன்றாவது கன்றைப் பனிக்குள் சொருகிச் சுற்றிலும் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தான்.

ஐஸ் மோசம் என்று கத்தினால் என்ன செய்வான் என்று ஐம்பத்து மூன்று வருடம் அவனோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? நின்ற இடத்திலேயே குதித்துக் காட்டுவான்.

"ஏவெர்ட்! காப்பி போட்டாச்சு, பன்னும் இருக்கு!"

"இன்னும் நாலு கன்னு இருக்கு!"

"ஆறிப்போயிடும்."

"ஆறட்டும். பாதை போடலைன்னா ஊர்க்காரன் சர்ச்சுக்கு எப்படிப் போவான், பறந்தா?"

"தாகே வந்திருக்கான். இருக்குற பன்னையெல்லாம் அவனே முடிச்சிடுவான்."

இதற்கு அவன் யோசித்தான். "அந்தத் தொந்தியனா?"

"ஆமா. வந்த தடத்துலயே வா. வண்டி கெடக்கட்டும்."

"நடக்குறதுக்கு எனக்குச் சொல்லித் தரியா நீ?" என்றான். ஆனால் சறுக்குவண்டிக் கயிற்றைக் கீழே போட்டான். வந்தான்.

அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அவள் குத்திய ஓட்டையில் தண்ணீர் ஏறி இறங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நீளமாக, அடியில் யாரோ துணி கிழிக்கிற மாதிரி சத்தம் வந்து கரை வரை போனது. தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து அவள் பூட்ஸை நனைத்தது. அவள் நகரவில்லை. பிறகு அவன் அவளைக் கடந்து போனான். அவளும் பின்னாலேயே நடந்தாள்.

கரையில் தாகே கயிற்றோடு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"டேய் தொந்தி, பன்னு மிச்சம் வச்சியா?" என்றான் ஏவெர்ட்.

"ஒண்ணு வச்சிருக்கேன்," என்றான் தாகே. அவர்கள் மேடேறிய பிறகு, கரைப்பக்கத்துக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். கன்றை நம்பி இன்னொருத்தன் போய்விடக் கூடாதே.

வாசல்படியில் ஏவெர்ட் நின்றுவிட்டான். விழுந்து கிடந்த துடைப்பத்தை எடுத்துக் கதவில் ஒழுங்காகச் சாய்த்தான்.

"உள்ள போகக் கூடாது. வீட்டுல ஆளில்ல."

"நாமதான் ஆளு. நட."

"இல்ல, யோர்டிஸ் வெளிய போயிருக்கா." ரொம்ப மரியாதையாகச் சொன்னான். "அவ இல்லாதப்ப வேத்தாளக் கூட்டிட்டுப் போனா நல்லா இருக்காது. நீங்க தப்பா நெனைக்காதீங்க."

அவள் கன்னத்துத் தோல் குளிரில் எரிந்தது.

"யோர்டிஸ்தான் அனுப்பினா," என்றாள் கடைசியில். "உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுக்கச் சொன்னா."

"அப்பச் சரி." பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு உள்ளே போனான்.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். கடிகாரத்துக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்கியது. மகன் கல்யாணத்துக்குத் தெற்கே போனபோது ஒரே ஒரு முறை திருப்பிய சாவி. துளையில் போட்டாள். அசையவில்லை.

"யாருக்குப் பயந்து பூட்டுறீங்க?" என்றான் ஏவெர்ட், அடுப்படியிலிருந்து.

அவள் இரண்டு கையாலும் சாவியைப் பிடித்து முறுக்கினாள். பூட்டு விழுந்தது. சாவியை உருவிக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.