கதவு திறக்கும் பக்கம்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வார்னிஷ் நெடி தலைக்கேறியது. அக்கா கீழே காரில் இருந்தாள். "ஒரு டீ குடிக்கிற நேரம் தர்றேன். மனசு ஒப்புச்சுன்னா சொல்லு, உன் பையைத் தூக்கிட்டு வரேன். இல்லேன்னா எறங்கி வந்துடு" என்று சொல்லியிருந்தாள். நான் ஏன் அவள் வீட்டில் போய்த் தங்கினேன் என்று விசாரித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர் அடித்தாரா, குடித்தாரா என்றுதான் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அவர் என்னைப் பார்ப்பதே இல்லை என்றேன். பார்க்காமலா ரெண்டு பொண்ணு பெத்தே என்று சித்தி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

சமையலறை அலமாரிகள் அடையாளமே தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கறையும் போய் மரத்தின் ரேகைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பெயர்க்கிற மனுஷர் இவர். கதவுகளையெல்லாம் கழற்றி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பூச்சுமேல் பூச்சாக அடித்திருக்கிறார். அவர் நகக்கண்ணில் இன்னும் பழுப்பு ஒட்டியிருந்தது. எல்லாம் நான் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி, எதுவும் உறைக்கவில்லை.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு." உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

டீத்தூள் எடுக்கக் கையை நீட்டினேன். கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மரம்தான் இருந்தது.

"கவனிச்சிட்டியா!" அவருக்கு ஒரே குஷி. "கதவு அத்தனையும் தப்புப் பக்கமாத் தொறந்துட்டு இருந்துச்சு. அந்தக் கார்ப்பெண்டர் தூக்கக் கலக்கத்துல மாட்டிட்டான் போல. எல்லாத்தையும் திருப்பி மாட்டி, பழைய ஓட்டையை மரத்தூளும் பசையும் கலந்து அடைச்சுட்டேன். தடவிப் பாரு, தெரியவே தெரியாது."

தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. கார்ப்பெண்டர் பக்கத்திலேயே நின்று அப்படி மாட்டச் சொன்னது நான்தான்.

"எனக்கு இடது கைப் பழக்கம்ங்க" என்றேன்.

"எப்பலேருந்து?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்தக் கையால்தான் இவர் கண்முன்னால் தினமும் காய் நறுக்கினேன். இவர் சட்டைக்குப் பித்தான் தைத்தேன். கல்யாணப் பதிவேட்டில், இவர் தோளில் இடித்துக்கொண்டே, இந்தக் கையால்தான் கையெழுத்துப் போட்டேன். அழுகையோ ஆத்திரமோ வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வலது கையால் கதவைத் திறந்து, அடுத்த வீட்டில் எடுப்பதுபோல டப்பாவை மெதுவாக எடுத்தேன்.

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. இழுப்பறையைத் துழாவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"இரு, இப்பவே மாத்திடறேன்."

"வார்னிஷ் இன்னும் முழுசாக் காயலை. காயட்டும் விடுங்க."

கீழே அக்கா ஹாரன் அடித்தாள். கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டு, பாலை ஊற்றி, கரண்டியால் கலக்கினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றபடி என் இடது கையையே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கலக்குவதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது. டீ பொங்கி எழுந்து அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.