மூடுபனிக்கு மேல் ஓர் அறை

கிரேன்காரருக்கு அந்த முதியோர் இல்லத்தில் கிடைத்தது தரைத்தள அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, கைப்பிடி வைத்த குளியலறை, ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் சுற்றுச்சுவர். மதியத்துக்கு மேல் அந்தச் சுவரில் கொஞ்சம் வெயில் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும். அவ்வளவுதான் காட்சி.

துறைமுகத்தில், சரக்குக் கப்பல்களிலிருந்து பெட்டிகளை இறக்கும் ராட்சதக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். காலையில் ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார். லாரிகள் தீப்பெட்டியாகவும் மனிதர்கள் சட்டைப் பொத்தானாகவும் தெரிகிற உயரம். தரையில் நடப்பதைவிட அங்கே இருப்பதுதான் அவருக்கு இயல்பு. மனைவி கேலி செய்வாள்: "இவரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பருந்தைக் கட்டியிருந்தா, அதுவாவது சாயங்காலம் கூட்டுக்கு வந்திருக்கும்."

மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. மகன் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்துச் சில மாதம். வந்த நாளிலிருந்து கிரேன்காரர் செய்த ஒரே காரியம் தூங்கியது.

காலை உணவு முடிந்தால் தூக்கம். எழுப்பிச் சோறு போட்டால் நாலு வாய் தின்றுவிட்டு மறுபடி தூக்கம். அது தூக்கம்கூட இல்லை. தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே கிடப்பது போல ஏதோ ஒன்று. நடைபாதையில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கப்பல் சங்கிலியின் சத்தமாகக் கேட்கும். பக்கத்து அறை இருமல், தூரத்தில் ஊதும் சங்காகக் கேட்கும். பிறகு ஏணி வரும்.

ஒவ்வொரு முறையும் அதே ஏணிதான். உள்ளங்கையில் இரும்பின் சில்லிப்பு ஒட்டும். ஏறுவார். படிக்கு மேல் படி, அதற்கு மேலும் படி. கூண்டு மட்டும் வராது. அண்ணாந்து பார்த்தால் ஏணி வெள்ளையான ஏதோ ஒன்றுக்குள் போய் மறைந்திருக்கும். விழித்துக்கொள்ளும்போது உண்மையாகவே முட்டி வலிக்கும்.

சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்காருகிறவர், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்ற பெண்மணி. எல்லாருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. கிரேன்காரருக்கு எழுபத்தெட்டு. அவரைத் தம்பி என்று கூப்பிட அந்த இல்லத்தில் வயது உள்ள ஒரே ஆள் அக்காதான்.

"என்ன தம்பி, சோத்தைக் கோழி மாதிரி கிளறிட்டே இருக்கீங்க?"

"பசி இல்லக்கா."

"பசி எப்படி வரும்? பாயும் நீங்களும் ஒண்ணாயிட்டீங்க. நானும் வந்த புதுசுல இப்படித்தான் கிடந்தேன். செவ்வாக்கிழமை அம்மா வர்றாங்கல்ல, அவங்ககிட்ட போய் உக்காருங்க. பிடிக்கலைன்னா எழுந்து வந்துடுங்க, யாரு கையைப் பிடிச்சு இழுக்கப் போறா?"

செவ்வாய்க்கிழமை அம்மா என்பது மனநல ஆலோசகர். வாரம் ஒருநாள் வந்து, நூலகத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்காருவார். நடுத்தர வயது. பேசும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வழக்கம். கிரேன்காரர் அக்காவின் தொல்லை தாங்காமல்தான் போனார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். வயசாச்சு, தூங்குறேன். அவ்வளவுதான்."

"சரிங்க ஐயா. தூங்கி எழுந்தா அலுப்பு போகுதா?"

"எங்க போகுது? ஏறி ஏறி முட்டிதான் வலிக்குது."

சொன்ன பிறகுதான் வாய் தவறிவிட்டதை உணர்ந்தார். அந்த அம்மா அவசரப்படவில்லை. "எங்க ஏறுறீங்க?" என்று மட்டும் கேட்டார். கிரேன்காரர் கனவில் வரும் ஏணியைப் பற்றிச் சொன்னார். அதற்கு இதுதான் அர்த்தம் என்று ஏதாவது விளக்குவார் என எதிர்பார்த்தார். அந்த அம்மா எதையும் விளக்கவில்லை. "அடுத்த வாரம் அந்த ஏணியில நாம சேர்ந்து ஏறிப் பாக்கலாமா?" என்றார்.

பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இருந்தும் அந்த வாரம் முழுக்க, எதற்கென்று தெரியாமல், செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தார்.

அன்று மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"நான் பக்கத்துலதான் இருக்கேன். எப்ப வேணும்னாலும் கண்ணைத் திறந்துக்கலாம். அவசரமே இல்ல. முதல் படி எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு. பனி இறங்கியிருக்கு."

ஏறினார். இந்த முறை நடுவில் நின்று மூச்சு வாங்கச் சொன்னது அந்தக் குரல். கனவில் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை. நின்றார். காற்று அவர் காதைத் தடவிவிட்டுப் போனது. மறுபடி ஏறினார். வெள்ளைக்குள் தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. கையில் கூண்டின் கதவுப்பிடி தட்டுப்பட்டது.

"வந்துட்டேன்," என்றார்.

"என்ன தெரியுது?"

எங்கும் மூடுபனி. துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை, தரையே இல்லை. பஞ்சு விரித்த மாதிரி ஒரே வெண்மை. அதிலிருந்து மற்றக் கிரேன்களின் கழுத்துகள் மட்டும், நீர் குடிக்க வந்த பெரிய விலங்குகள் போல, நீட்டிக்கொண்டு நின்றன. அவர் கூண்டு காற்றில் தொட்டில் மாதிரி லேசாக ஆடியது. அப்படிப்பட்ட காலைகள் வேலைக்காலத்தில் நிறைய வந்ததுண்டு. அந்த அழகை மனைவியிடம் சொல்லத் தெரியாமல் "இன்னைக்கு ஒரே பனி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"என்னங்க ஐயா?"

"கீழேயிருந்து யாரும் கூப்பிடல."

கண்ணைத் திறந்துவிட்டார். கன்னம் நனைந்திருந்தது. மனைவியின் சாவில்கூட அழாத மனிதர். கிரேனில் எத்தனை உயரத்தில் இருந்தாலும் காதருகே வாக்கிடாக்கியில் ஒரு குரல் இருக்கும். கீழே நின்று சைகை காட்டுகிறவனின் குரல். மெல்லண்ணே, மெல்ல, இன்னும் ஒரு சாண், போதும். வீட்டுக்குப் போனால் சமையலறையிலிருந்து அவள் குரல். குளிச்சாச்சா, சட்டையை மாத்துங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க. அவள் போன பிறகு மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பினால், இருட்டும்வரை அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

"அப்படி ஒருநாள்தான் மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல ஏறினேன்," என்றார்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"குதிக்கணும்னு தோணுச்சா ஐயா?"

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அதைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போல, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்.

"ஏறும்போது தோணல. மேல உக்காரணும்னுதான் ஏறினேன். உக்காந்ததும்... இறங்க ஒரு காரணம் வேணும்ல? தேடினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் கிடைக்கல."

"அப்புறம்?"

"பசிச்சுது. இறங்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் முகம் இளகியது.

"நல்ல வேளை பசிச்சுது," என்றார். "இப்பவும் அந்த நெனப்பு வருதா?"

"இல்ல. இங்க ஏற எதுவும் இல்லையே."

"ஏற ஒண்ணு இருந்தா?"

யோசித்தார். "தெரியல மேடம்."

"தெரியலன்னு உண்மையைச் சொன்னீங்க, நன்றி. இதை இந்த அறைக்குள்ளயே வெச்சுக்க என்னால முடியாது. டாக்டர்கிட்ட சொல்லணும். உங்க மகன்கிட்டயும் பேசினா நல்லது. ஆனா நீங்க சரின்னாதான் அவரைக் கூப்பிடுவேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிக்கங்க. அவன் வேண்டாம்."

டாக்டர் வந்து பார்த்தார். காலையில் ஒரு சின்ன மாத்திரை சேர்ந்தது. மதியத் தூக்கம் கொஞ்சம் மெலிந்தது. மகன் விஷயத்தில்தான் கிரேன்காரர் பிடிவாதமாக இருந்தார். எக்ஸ்சேஞ்ச் அக்காவிடம் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னபோது, அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, எங்க வேலையில ஒண்ணு பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் ஆள் ரிசீவரைக் காதுல வெச்சுட்டு, எதிராளி முதல்ல பேசட்டும்னு சும்மா இருப்பாங்க. நடுவுல நான்தான் கத்துவேன், பேசுங்கய்யா, லைன்ல இருக்காங்கன்னு. பையனை வரச் சொல்லுங்க."

வரச் சொன்னார்.

மகன் அலுவலகத்திலிருந்து நேராக வந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஐம்பதை நெருங்குகிறவன், ஆலோசகரின் அறையில் நாற்காலி நுனியில் தேர்வுக்கு வந்தவன் போல உட்கார்ந்தான். ஆலோசகர் மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னைக் கொண்டுவந்து விட்டுட்டல்ல?" என்று கிரேன்காரர்தான் ஆரம்பித்தார்.

"அப்பா..."

"ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா? தொட்டி மேல ஏன் ஏறினீங்கன்னு கேட்டியா?"

மகன் அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான். "பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார்ப்பா. எப்படி வண்டி ஓட்டினேன்னே தெரியல. வந்து பாத்தா நீங்க அடுப்படியில தோசை சுட்டுட்டு இருந்தீங்க. எனக்கும் ஒண்ணு வேணுமான்னு கேட்டீங்க. நான் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்ப்பா."

கிரேன்காரர் மகனை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். காதோர நரை. கண்ணுக்குக் கீழே கருமை. இவன் எப்போது இப்படிக் களைத்துப் போனான்?

"நான் விட்டுட்டுப் போகலப்பா. பத்திரமா வெச்சேன். கீழ் அறைதான் வேணும்னு நானே கேட்டு வாங்கினேன்."

"பத்திரமா வைக்க நான் என்ன பாத்திரமாடா?"

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். லீவர் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையை அவன் கடைசியாகப் பிடித்தது சாலை கடக்கிற வயதில் இருக்கும்.

"வீட்டுக்கு வந்துடுறீங்களாப்பா?"

வீட்டை நினைத்துப் பார்த்தார். கதவைப் பூட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பிய பின் கடிகாரம் மட்டும் நடக்கும் வீடு. இங்கே எதிரே உட்கார்ந்து வம்புக்கு இழுக்க ஒரு அக்காவாவது இருக்கிறார்.

"இப்ப வேண்டாம்," என்றார். "ஆனா திரும்பத் திரும்பக் கேளு."

அதற்குப் பிறகு ஆலோசகர் நிர்வாகியிடம் பேசினார். நாலாவது மாடியில் யாரும் அதிகம் போகாத ஒரு கூடம் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, திறக்க முடியாதது. கிரேன்காரர் மதியத்தில் அங்கே உட்காரலாம், கூட ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று முடிவானது. "எனக்கென்ன தலைக்கு மேல வேலையா?" என்று எக்ஸ்சேஞ்ச் அக்கா பின்னல் பையோடு லிஃப்டில் ஏறிவிட்டார்.

கீழே தெரு விரிந்தது. சிக்னலில் வண்டிகள் தயங்கித் தயங்கி நகர்ந்தன. மாடிகளில் உலரும் துணிகள் ஒன்றையொன்று கூப்பிடுவது போல அசைந்தன. கூரைகளுக்கெல்லாம் அப்பால், மங்கிய சாம்பல் கோடு ஒன்று தெரிந்தது.

"கடல்," என்றார் கிரேன்காரர்.

"மேகம்," என்றார் அக்கா.

"நான் பாக்காத கடலா?"

"நான் பாக்காத மேகமா?"

தினமும் இந்தச் சண்டை நடந்தது. கோடு ஒருநாள் நகர்ந்தது போலிருக்கும், மறுநாள் அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் மிதக்கத் தொடங்கும். பின்னல் ஊசிகளின் மெல்லிய சத்தத்தில், தெருவும் கூரைகளும் தூக்கத்தின் நிறத்துக்கு மாறும். ஆனால் அவர் தூங்கமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமுடியாது. சில நாட்கள் கட்டிலைவிட்டு எழ மனம் வராது. அந்த நாட்களில் அக்கா கதவைத் தட்டி, "தம்பி, உங்க கடலைக் காணோம், வந்து தேடுங்க," என்பார். சில செவ்வாய்க்கிழமைகளில் அந்தச் சின்ன அறையில் ஒன்றும் பேசாமலே நேரம் போகும். "இதுவும் பேச்சுதாங்க ஐயா," என்பார் ஆலோசகர்.

ஒரு ஞாயிறு மதியம் மகன் மட்டும் வந்தான். நாலாம் மாடிக்கே வந்து, அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வேலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் குரல் தேய்ந்து அப்படியே தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் வெயில் விழுந்தது.

கிரேன்காரர் எழுந்தார். முட்டி முனகியது. திரையை மகன் முகத்துக்கு நிழல் விழும்வரை மெதுவாக இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"உஷ்," என்றார் அவர். "பையன் தூங்குறான்."