பட்டை எண்ணிய பீடிகள்

ஐம்பத்தெட்டு வயதில், போயும் போயும் ஒரு கைப்பட்டையால் எனக்குப் பொய்யன் என்று பேர் வர வேண்டுமா?

கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து வந்த ஷண்முகப்ரியா என்கிற பிள்ளை அதை என் வலக்கையில் கட்டிவிட்டது. கை நாலைந்து தடவை வாய்க்குப் போய் வந்தால், ஒரு பீடி என்று எண்ணிக்கொண்டு பட்டை குறுகுறுவென்று அதிரும். குடித்த துண்டை நான் டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கும். பட்டை ஒழுங்காக எண்ணுகிறதா என்று சோதனையாம்.

பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் மலையூர் ஸ்ரீமதுரையில் பாதி வீடு பூட்டு. என் வீட்டுக்காரி வேலாமணியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் மூன்று மாதமாகிறது. என் வாசல் மிதிக்கிற ஒரே ஆள் இந்தப் பிள்ளைதான்.

மூன்றாம் நாள் அதன் முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்கய்யா, டப்பாவுல ஒம்பது துண்டு. பட்டை இருபத்தொண்ணுங்குது. மிச்சத்த எங்க வீசுனீங்க?"

"ஒம்பதுதான் சாமி குடிச்சேன். சோத்துக்கு உக்காந்தாக்கூடக் கழட்டி வெச்சர்றேன். அந்தக் கருமத்துக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது!"

"இப்படியே போனா உங்களச் சோதனையில இருந்து எடுத்துருவாங்க. அப்புறம் நான் வர முடியாதுங்க."

பட்டை ஏன் கூட எண்ணுகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம்.

"காலைல தோட்டத்துக்கு வா கண்ணு, காட்டறேன்" என்றேன்.

வந்தது. வரிசை முடியும்வரை கொழுந்து கிள்ளினேன். பிறகு கையை வாயருகே குவித்து, "ஓ... வேலாமணீ!" என்று எதிர்ச்சரிவைப் பார்த்துக் கூப்பிட்டேன். கையை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன். ஐந்தாவது கூப்பாட்டில் பட்டை அதிர்ந்தது.

"ஆனை நடமாடற எடம் சாமி. அவ அந்தச் சரிவுல, நான் இந்தச் சரிவுல, வரிசைக்கு ஒருக்கா கொரலு குடுத்துக்குவோம். பதில் வந்தா ஆளு பத்திரம்னு அர்த்தம்."

"அங்க இப்ப யாருங்க இருக்காங்க?"

"யாருமில்ல" என்றேன். குரல் உடைந்துவிட்டது. சீ, சின்னப்பிள்ளை முன்னால்.

அது சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்கய்யா, உங்க மேல தப்பில்ல" என்று மடிக்கணினியை விரித்து வெகுநேரம் தட்டியது. பிறகு முகம் மலர்ந்து, "சரி பண்ணிட்டேனுங்க. நாளைக்கும் வர்றேன். இனி நீங்க கூப்புட்டா இது கண்டுக்காதுங்க" என்றது.

"நல்லதாப் போச்சு கண்ணு."

அது போன பிறகு, அடுத்த வரிசை முடிவில் ஐந்து தடவை கூப்பிட்டேன். பட்டை அசையவில்லை. மூன்று மாதத்தில் என் குரலுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். ஆறாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.