நவமியில் ஏறிய தாலி

ஆறு ஜோசியரைப் பார்த்து, ஒன்பதாம் தேதி நவமி கழியட்டும் என்று காத்திருந்து, பத்தாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு மூத்த மகளுக்கு முகூர்த்தம் வைத்தவர் விழுப்புரம் தாண்டவராயன். திண்டிவனம் ஸ்டுடியோக்காரன் ரஞ்சித், கல்யாணப் போட்டோக்களை இணையத்தில் ஏற்றிவிட்டு, தேதியைப் போட்டுத் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

பத்தாம் தேதியைப் போட்டால் வெறும் பந்திதான் வந்தது. ஒன்பதைப் போட்டார். மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்கே போய்க் கத்தினார்: “எம்பொண்ணுக்கு நவமியிலயா தாலி ஏறிச்சு?”

“அந்தக் கம்ப்யூட்டரு லண்டன் நேரத்துல தேடுதுங்க. நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. இங்க காலையில அஞ்சுன்னா அங்க இன்னும் முந்தின நாளுதாங்க. அஞ்சரைக்கு மேல எடுத்ததெல்லாம் கரெக்டா வந்துகினு இருக்குது பாருங்க.”

தாண்டவராயன் யோசித்தார். அடுத்த தையில் சின்ன மகள் கல்யாணம். அங்கிருந்தே ஜோசியருக்குப் போன் போட்டார்.

“சாமி, சின்னவளுக்கு அஞ்சு மணிக்குக் குறிச்சத மாத்துங்க. அஞ்சரைக்கு மேல வைங்க. கம்ப்யூட்டருக்கு அதுதான் நல்ல நேரமாம்.”

ஜோசியர் மறுக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி ஒன்றுதான் கேட்டார்.

“ராகுகாலம் லண்டனுக்கும் பாக்கணுமா?”