தட்டு மாற்றும் வரை

விஜயபாண்டி ஐஸ் பெட்டியின் மேல் விழுந்து அழுததில் பெட்டி ஒரு பக்கம் ஆடியது. "என் கூடப்பொறந்த கையி போச்சே, நான் மொண்டியாப் போனேனே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்து நீட்டினார். அழுகைக்கு நடுவே அவர் அதை முழுசாகக் குடித்தார்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த முத்துப்பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கிடந்தவர் அவள் புருஷன் சமுத்திரம். அழுகிறவர் புருஷனின் அண்ணன்.

"யாராச்சும் அவள ஒரு மூச்சு அழ வைங்கட்டி. அடைச்சுப்போயி உக்காந்திருக்கா" என்றாள் பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி.

அடைத்துக்கொண்டிருந்தது துக்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

சமுத்திரம் பதினாறு வருஷம் குவைத்தில் ஒரு பேக்கரியில் கிடந்தார். திரும்பி வரும்போது கொண்டுவந்தது இரண்டு பெட்டி, சர்க்கரை வியாதி, ஒரு கைத்தொழில். ராஜபாளையத்துச் சந்துக்குள் இருந்த அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் ஒரு ஓவனைக் கொண்டுவந்து இறக்கியபோது, "கட்டில் போடவே எடமில்ல, இது ஒண்ணு கேக்குதாக்கும்" என்று முத்துப்பேச்சி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, நுரை கட்டியதும் மைதாவில் ஊற்றிப் பிசைந்தார். ஈரத்துணி போட்டு மூடினார். மாவு பொங்குகிறதா என்று துணியைத் தூக்கிப் பார்த்து, "எந்திரி, எந்திரி" என்று அதனிடம் பேசினார். மனுஷரிடம் பேசாத ஆள், மாவிடம் பேசினார். பொங்கிய மாவை வட்டமாகத் தேய்த்து, எலுமிச்சை பிழிந்து வதக்கிய முருங்கைக்கீரையை நடுவில் வைத்து, மூன்று பக்கமும் மடித்துக் கிள்ளி ஒட்டி ஓவனில் வைத்தார். அரபுக்காரர்கள் அதற்கு என்னவோ பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் அது குவைத்து பன் ஆயிற்று. நாளடைவில் கீரை ஆய்வதும் கிள்ளி ஒட்டுவதும் முத்துப்பேச்சியின் வேலை என்றானது. பதினாறு வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள், ஒரு தட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பழகியது அப்படித்தான்.

நேற்று விஜயபாண்டியின் மகள் முனீஸ்வரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். "மாப்பிள்ள வீட்டுக்காரவிய கூமாப்பட்டில பெரிய கையி. இந்தப் பண்டத்த அவிய கண்ணால பாத்திருக்க மாட்டாக. எரநூத்தம்பது வேணும்லே, பதினொரு மணிக்கு மண்டபத்துல இருக்கணும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். சமுத்திரம் விடியுமுன் எழுந்து பன்னிரண்டு கிலோ மாவைக் கையாலேயே பிசைந்தார்.

ஏழு மணிக்கு இடது கையை உதறிக்கொண்டார்.

"என்ன செய்யுது?"

"கை வலிக்கி."

"மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுதுல்ல. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

"பன்னெண்டு கிலோ பிசைஞ்ச கை வலிக்காம பாட்டா படிக்கும்? அடுப்பு முன்னாடி நிக்கவன் வேர்க்காம என்ன செய்வான்? கடைசித் தட்ட எடுத்துட்டுப் போவோம்ட்டி."

கடைசித் தட்டை எடுத்து, ஆறவைத்து, பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "நீ பட்டுச்சேலையக் கட்டு, நான் செத்த நேரம் படுத்து எந்திரிக்கேன்" என்றார். அவள் சேலைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே சொம்பு உருளும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார்.

முதலில் மூத்தாருக்குத்தான் போன் போட்டாள். அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. சொல்லி முடித்ததும் நாதஸ்வரச் சத்தம் குறைந்தது. விஜயபாண்டி எங்கேயோ தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும்.

"பேச்சி, நான் சொல்றதக் கேளு தாயி. மூணு மணிக்குத் தட்டு மாத்துறோம். இப்பச் சொன்னா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிருவாக. பிள்ள வாழ்க்கை தாயி. அவன் இருந்தாலும் இதத்தான் சொல்லுவான். தட்டு மாத்துற வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத. சத்தம் போட்டு அழுதுறாத, அங்கன நம்ம ஆளுக யாராச்சும் இருப்பாக."

"சரித்தான்" என்றாள் முத்துப்பேச்சி.

பட்டுச்சேலையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலரை மணி நேரம் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொந்தக்காரங்க யாரும் வரலையாம்மா?" என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு ஓசூரிலிருந்து மகன் சதீஷ் பேசினான். "என்னம்மா, அப்பா மண்டபத்துக்குக் கெளம்பிட்டாரா?"

"கெளம்பிட்டாகப்பா."

கூட்டம் கலைந்துவிட்டது என்று மூத்தார் போன் போட்ட பிறகு, ஐந்தேகாலுக்குத்தான் அவனிடம் உண்மையைச் சொன்னாள். விடிந்து வந்து சேர்ந்தவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் பேசும்போது அப்பா உயிரோட இருந்தாரா, இல்லையா?" என்று மட்டும் கேட்டான். அவள் முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். அதிலிருந்து அவன் அவள் பக்கமே வராமல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பத்து மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா இருளப்பசாமி மாலையோடு வந்தார். உழைத்துக் காய்ந்த உடம்பு. சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. மாலையைப் போட்டுவிட்டு விஜயபாண்டியின் கையைப் பிடித்தார்.

"என்ன சம்பந்தி இப்படி ஆயிப்போச்சு? எப்ப நடந்துச்சு?"

"சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நல்லாத்தான் இருந்தான். நீங்க அங்கிட்டுப் போகவும் போன் வருது. ஓடி வாரேன், ஆள் இல்ல!" மறுபடியும் குரல் உடைந்தது.

இருளப்பசாமி பெட்டிக்குள் பார்த்தபடி சொன்னார்: "நேத்து நான் மூணு பன்னு கேட்டு வாங்கித் தின்னேன். எங்க வீட்டுப் பொம்பளையாளுக முந்தியில முடிஞ்சு கொண்டு போனாக. செஞ்ச ஆள ஒருதரம் பாக்கணும்னு சம்பந்திட்ட கேட்டேன். சோலியா இருக்கான், பொறவு வருவான்னாரு. இப்படி வந்து பாக்கவா கேட்டேன்."

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். எழும்போது கால் மரத்துப்போயிருந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டே முக்காலுக்கு" என்றாள்.

"என்ன தாயி?"

"பன்னெண்டே முக்காலுக்குப் போயிட்டாக. பன்னெண்டு அம்பதுக்கு இவியட்டச் சொல்லிட்டேன். தட்டு மாத்துற வரைக்கும் வாயத் தொறக்காதன்னாக. தொறக்கல. எம்மகன்ட்டயே பொய் சொன்னேன். நீங்க தின்னும்போது அவிய பொணமாக் கெடந்தாக."

வாசலில் அடித்துக்கொண்டிருந்த கொட்டு அந்த நேரம் பார்த்து நின்றது. விஜயபாண்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"பித்துப் பிடிச்சுப் பேசுதா. புருஷன் போன துக்கத்துல..."

"பேசுன நேரம் போன்ல இருக்கு. எடுத்துக் காட்டவா அத்தான்?"

கதவோரம் நின்ற முனீஸ்வரி முன்னால் வந்தாள். நேற்று வைத்த மருதாணி கையில் சிவந்து கிடந்தது. "அப்பா, தெரியுமா ஒங்களுக்கு? சித்தப்பா ஏன் வரலைன்னு எத்தன தரம் கேட்டேன்?"

"ஒனக்காகத்தாம்மா! யாருக்காக? ஒனக்காக!"

அவள் போய் முத்துப்பேச்சியின் பக்கத்தில் நின்றாள். இருளப்பசாமி இரண்டு கையையும் சேர்த்து முத்துப்பேச்சியைக் கும்பிட்டார். முனீஸ்வரியிடம் திரும்பி, "ஒம்மேல ஒண்ணுமில்ல தாயி" என்றார். விஜயபாண்டியிடம், "மத்தத பொறவு பேசுவோம்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, பாடையில் கிடத்தினார்கள். தலைமாட்டில் சதீஷ் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மறுபக்கத்துக்கு விஜயபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். முத்துப்பேச்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீங்க தூக்க வேண்டாம்."

"பேச்சி, ஊரு பாக்குது. அவன் என் தம்பி."

"நேத்து நாலரை மணி நேரம் தம்பி இல்லல்ல? இன்னைக்கும் இல்லன்னு வச்சுக்கிடுங்க. கைய எடுங்க."

பெரியவர்கள் யாராவது அவளை அதட்டுவார்கள் என்று அவர் சுற்றிலும் பார்த்தார். "பொம்பள இப்படிப் பேசலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பேசட்டும்" என்றாள் சுடலைமாடத்தி, அதைவிடச் சத்தமாக. விஜயபாண்டியின் கை மூங்கிலில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்தார். இருளப்பசாமி சட்டையைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் போய்க் குனிந்தார்.

தூக்குமுன் சதீஷ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தொண்டை கிழிகிற மாதிரி வந்தது. சுடலைமாடத்தி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டுச் சத்தம் முக்குத் திரும்பி மறைந்ததும் பெண்கள் வீடு கழுவ எழுந்தார்கள். முனீஸ்வரி முதல் ஆளாகக் குழாயடிக்குப் போய்க் குடத்தை நிரப்பினாள்.

"ஏட்டி, நிச்சயம் முடிஞ்ச பிள்ள எழவு வீட்டத் தொடக் கூடாது. வை கீழ" என்று ஒருத்தி குடத்தைப் பிடித்தாள்.

முனீஸ்வரி குடத்தை விடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்னறையிலிருந்து வாசல் வரைக்கும் தண்ணீரை வீசி ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளினாள். உதிர்ந்த பூவும் ஊதுவத்திச் சாம்பலுமாகத் தண்ணீர் படியிறங்கித் தெருவில் ஓடியது.

ஊர்வலத்தோடும் போகாமல், வீட்டுக்குள்ளும் வர முடியாமல், விஜயபாண்டி எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்தார். தண்ணீர் போய் அவர் பாதத்தைச் சுற்றியது. அவர் நகரவில்லை.

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.