பிடரியில் ஒரே அடி

சாம்பல் வேங்கை யாரையும் கொன்றதே கிடையாது. அந்தப் படக்கதையின் அழகே அதுதான். காவலாளியின் பின்னால் பூனை மாதிரி போவான், பிடரியில் ஒரே ஒரு போடு போடுவான், 'டொக்' என்று ஒரு சத்தம், தலையைச் சுற்றி நட்சத்திரம். ஆள் சுருண்டு விழுந்து குறட்டை விடுவான். பக்கத்தைப் புரட்டினால் மண்டையில் வீக்கத்தோடு எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பான்.

பஞ்சர் கடைக்காரன் எழுத்துக் கூட்டக் கற்றதே அந்தப் புத்தகங்களில்தான். பள்ளிக்கூடம் அவனுக்கு எட்டிக்காய். அக்கா வசனத்தைப் படிப்பாள், சத்தங்களை மட்டும் அவன் படிப்பான். டமால், டுமீல், டொக். அடுத்த அறையில் அப்பா அம்மாவைப் போட்டு மிதிக்கும்போது, "இன்னும் சத்தமா படிடா" என்பாள் அக்கா. இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கிற வயசு. இன்னமும் பழைய புத்தகக் கடையில் சாம்பல் வேங்கையைக் கண்டால் விட மாட்டான். கடைக்கு வருகிறவர்கள், "என்னப்பா, பொம்மை பார்க்கிறியா?" என்று கிண்டலடித்தால், "போய்யா, உனக்கு என்ன தெரியும்?" என்பான்.

அக்காவுக்கு வாய்த்தவன் அப்பாவுக்குக் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை. லாரி ஓட்டுகிறவன். ரோட்டில் யாரிடமும் காட்ட முடியாத வீறாப்பையெல்லாம் வீட்டில் காட்டுவான். இரண்டு முறை அவள் கையை ஒடித்திருக்கிறான். கேட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். நாசமாய்ப் போன வழுக்கல்!

அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள். "டேய், வாடா. இன்னைக்கு என்னைக் கொன்னே போட்டுடுவான்." டயர் கழற்றிக்கொண்டிருந்த இரும்பு லீவரைக் கையில் பிடித்தபடியே அவன் ஓடினான்.

சமையலறையில் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தான் புருஷன். "எவன்கிட்டடி போன்ல பேசுன? சொல்லுடி!" தொட்டியெல்லாம் ரத்தம். அதில் ஒரு பல் கிடந்தது.

தம்பி கண்மண் தெரியாமல் அடித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் அடித்தான். கொல்லக் கூடாது, தூங்கவைத்தால் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினான். இடம் பார்த்தான். பிடரியில் ஒரே அடி. சத்தம்கூட அதே 'டொக்'தான்.

ஆள் பொத்தென்று விழுந்தான்.

"ஐயோ, செத்துட்டானாடா?"

"சும்மா இரு அக்கா. தூங்குறாரு. கேளு."

குறட்டை வந்தது. வீடே அதிர்கிற குறட்டை. கிழிந்த உதட்டோடு அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அட பாவி, அப்படியே சாம்பல் வேங்கை அடி!" இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை வருஷமாயிற்று அப்படிச் சிரித்து!

துணிக்கயிற்றை அவிழ்த்து அவன் மாமாவின் கைகளைக் கட்டினான். அக்கா பையில் துணிகளை அடைத்தாள். "டாக்டரைக் கூப்பிடலாமாடா?" என்று ஒரு தரம் கேட்டாள். "வேணாம்க்கா. எழுந்தார்னா மறுபடி ஆரம்பிச்சுடுவாரு. நாம போனதும் தானா எழுந்துக்கட்டும்" என்றான். மண்டைக்குள் ரத்தம் கசிகிறவனுக்கும் அப்படித்தான் குறட்டை வரும் என்று எந்தப் படக்கதை சொல்லிற்று?

பையைப் பூட்டும்போது குறட்டை நின்றது.

தம்பி ஒரு செம்பு தண்ணீரை முகத்தில் அடித்தான். பாதி திறந்த கண்ணுக்குள் தண்ணீர் போயும் இமை ஆடவில்லை. காதிலிருந்து ரத்தம் வழிந்திருந்தது. "மாமா, எழுந்திருங்க மாமா. போதும், எழுந்திருங்க." கன்னத்தில் அறைந்தான், உலுக்கினான், கட்டையும் அவிழ்த்துவிட்டான். தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது.

"நான் மெதுவாத்தான்க்கா அடிச்சேன்" என்று குழந்தை மாதிரி அழுதான்.

அக்கா லீவரை எடுத்தாள். ஓங்கி, பிணத்தின் முகத்தில் இறக்கினாள். "இது என் பல்லுக்கு!" மறுபடி ஓங்கினாள். "இது என் கைக்கு!" மூக்கு உடைந்தது, தாடை கோணிக்கொண்டது, அவள் புடவையெல்லாம் தெறித்தது. நிறுத்தவே இல்லை.

"அக்கா, என்னக்கா பண்ற?"

"அடிச்சது நான். எல்லா அடியும் நான்தான். நீ பின்பக்கமா ஓடிடு."

"மாட்டேன். உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்." பாய்ந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

அவ்வளவுதான். லீவர் நழுவியது. மறு கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. முழங்கால் மடங்கிச் சுவரோரம் ஒடுங்கினாள். "அடிக்காத, அடிக்காத, இனிமே செய்யமாட்டேன்" என்றாள். தம்பியிடம்தான் சொன்னாள்.

அவன் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. அவள் எழுந்து, லீவரை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய், வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"என் புருஷனை நான் கொன்னுட்டேன்!"